பாலகுருவின் கேன்

அன்புள்ள நாகவள்ளி,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? எதிர்க்கட்டில் பாலகுரு மாரடைப்பில் போனதைப் போனில் சொன்னேன் அல்லவா? உடலையும் பெட்டியையும் ஊருக்கு அனுப்பிவிட்டோம். கட்டிலுக்கடியில் அவன் பார்லியும் ஈஸ்ட்டும் போட்டு ஊறவைத்த பீர் கேன் மட்டும் இங்கேயே கிடக்கிறது. "மூடிய இறுக்காதண்ணே, அது மூச்சு விடணும். குமிழி நின்னாத்தான் ரெடி" என்பான்.

இங்கே மது கூடாது; எங்கள் தங்குமிடத்தை மேற்பார்க்கும் கேம்ப் பாஸ் பார்த்தால் எல்லோருக்கும் வேலை போய்விடும். "கொட்டிருவோம்டா" என்கிறோம், யாருக்கும் கை வரவில்லை. பயப்படாதே, நான் குடிக்கமாட்டேன்.

ஊரிலிருந்து இங்கே யாராவது வந்தால் தைலமும் திருநீறும் கொடுத்துவிடு. டியூட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது.

நேற்று குமிழி நின்றுவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி சர்க்கரை போட்டேன். இப்போது மறுபடியும் மூச்சு விடுகிறது.

உன்,
கலியபெருமாள்
ருவைஸ் லேபர் கேம்ப், வளைகுடா