கைக்கு வேலை, காதுக்குக் கதை

பழைய மாத நாவல் ஒன்றை இன்று விரித்தபோது நடுப்பக்க மடிப்பிலிருந்து ஓர் ஏலக்காய்த் தோல் விழுந்தது. நிறம் போய்விட்டது, மணம் போகவில்லை. உங்கள் குடோனில் நாம் வாசித்த எல்லாப் புத்தகங்களுக்கும் இதே மணம்தான். அதை மூக்கருகே வைத்தபடியே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காயை நீ அத்தா என்றும் நான் மாமா என்றும் கூப்பிடும் உன் அப்பா வாங்கிக் குடோனில் கொட்டுவார். என் அம்மாவும் சிலமலை, ராசிங்காபுரத்துப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து, பச்சை மாறாத காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று பிரிப்பார்கள். கண்ணும் கையும் காய் மேல் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குக் கதை கொடுக்கலாம் என்று எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் உனக்குத்தான் தோன்றியது. உனக்கு மூச்சிரைக்கும், சேர்ந்தாற்போல் நாலு வரி வாசிக்க முடியாது. அதனால் புத்தகம் தேர்ந்தெடுப்பது நீ, வாசிப்பது நான் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

நீ முதலில் கொண்டுவந்தது ஒரு துப்பறியும் நாவல். கொலைகாரன் மாடிப்படி ஏறினான், குடோனில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. மறுபடி ஓடியபோது வெடித்த காயெல்லாம் நல்ல காயோடு போய்ச் சேர்ந்தது. அத்தா திட்டுவாரே என்று எனக்கு உதறல். நீயோ அந்த அத்தியாயம் எந்த இடத்தில் முடிகிறது என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். "எம்புட்டுப் பெரிய ஆளுடி இத எழுதுனவரு. வேலை பாக்குறவுக கையவே நிறுத்திப்புட்டாரு" என்றாய். அன்றிலிருந்து அவரை டீ குடிக்கும் நேரத்துக்கு மாற்றினாய். வேலை நேரத்துக்குக் குடும்ப நாவல் எழுதும் ஓர் அம்மையார். அவர் கதைகளில் எல்லாரும் ஓயாமல் பேசுவார்கள், பேச்சோடு பேச்சாகக் கையும் ஓடும். சரித்திர நாவல்காரர் குதிரையை வருணிக்கத் தொடங்கினால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், குதிரை அங்கேயேதான் நிற்கும் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பாய். ஆனால் அவரே போர்க்களத்துக்கு வந்தபோது முதலில் வாயைப் பொத்திக்கொண்டவள் நீதான்.

நூலக வகுப்பில் ஒருநாள், இப்படி லட்சம் பேர் படிக்கும் எழுத்தாளர்கள் வெறும் பொழுதுபோக்குக்கு என்று டீச்சர் சொன்னார். நீ எழுந்து நின்று, "பொழுது போகாதவுகளக் கேட்டாத்தான் டீச்சர் அது தெரியும்" என்றாய். வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டது போதாமல், வாசிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கும் புத்தகம் கேட்கத் தொடங்கினார்கள். பேச்சியம்மாள் அக்கா கேட்டது, மருமகளைப் படாதபாடு படுத்தும் மாமியாரின் கதையை. வீட்டில் யார் யார் என்று விசாரித்தாய். மாமியார் உண்டு என்றதும் அந்தப் புத்தகத்தைப் பின்னால் மறைத்துவிட்டு, ஒரு சிரிப்புக் கதையை நீட்டினாய். "வீட்ல இருக்குறதையே புத்தகத்துலயும் எதுக்குக்கா பாக்கணும்?" அக்கா விடவில்லை. "நீ என்ன டாக்டரா, பத்தியம் சொல்ற?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிப் போனார். ஒரு வாரமாகியும் புத்தகம் திரும்பவில்லை. கேட்டால், தான் தனியே சிரிப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டதாகவும், இப்போது மாமியார் தனியே சிரிப்பதாகவும் சொன்னார்.

போன மழைக்காலத்தில் உனக்கு மூச்சிரைப்பு கூடி, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ உயிரோடு திரும்பவில்லை.

அதன் பிறகு குடோனில் கதை வேண்டாம் என்று உன் அத்தா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. "கை ஓடுது, பொழுதுதான் ஓட மாட்டேங்குது" என்று அம்மா வீட்டில் வந்து சொல்வாள். எனக்கு வேறு பயம். கதையும் நின்றுபோனால் அந்தக் குடோனில் நீ இருந்ததற்கு என்ன மிச்சம்? மாமாவுக்குச் சரியான ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் மனம் மாறுவார் என்று நம்பினேன். மகனை இழந்த ஒரு தகப்பனின் கதை, பலரும் புகழ்ந்த நாவல், தேடி எடுத்துக் கொடுத்தேன். சில நாள் கழித்துத் திருப்பித் தந்தார்.

"இதுல எல்லாரும் அழுறாக ஆத்தா. அதான் எங்க வீட்லயே நடக்குதே."

வெட்கமாக இருந்தது. புத்தகம் எவ்வளவு நல்லது என்று பார்த்தேனே தவிர, அதை வாங்கப்போகும் கையைப் பார்க்கவில்லை. மறுநாள் வேறொன்றை எடுத்துப் போனேன். மாமனாரின் ஒரே ஸ்கூட்டருக்காக மூன்று மாப்பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் கதை. மாமா இரண்டு பக்கம் புரட்டினார். "எனக்கு வாசிச்சுப் பழக்கமில்ல. என்ன கதைன்னு எம்மகதான் சொல்லும்" என்றார். கொஞ்ச நேரம் அட்டையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீயே வாசி. உள்ள உக்காந்து வாசி, அவுகளும் கேக்கட்டும்."

வாசித்தேன். முதல் பக்கம் முழுக்க ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாக் கண்களும் தராசடியில் நின்ற மாமாவின் முகத்தில்தான் இருந்தன. மூத்த மாப்பிள்ளை ஸ்கூட்டரை மாட்டுத் தொழுவத்தில் ஒளித்து, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, அதைத் தடவிக்கொடுத்தான். மாமாவுக்கு மூக்கு வழியாகச் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், பேச்சியம்மாள் அக்கா பல மாதம் அடக்கி வைத்திருந்ததைப் போல் சிரித்தார். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மாமனார் தொழுவத்துக் கதவில் கை வைத்தார். அத்தியாயம் அங்கே முடிந்தது. அந்த எழுத்தாளரை மனதுக்குள் கும்பிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"அப்பறம் என்னாச்சு?" என்றார் உன் அத்தா.

"நாளைக்கு, மாமா."

"சரி. வெரசா வந்துரு" என்றார்.

இப்போது பள்ளியில் பலர் என்னிடம் புத்தகம் கேட்கிறார்கள். பெயர் உடனே வாயில் வருவதில்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்து, இன்று இவருக்கு என்ன கனக்கிறது, நாளை விடிவதற்கு இவருக்கு என்ன காரணம் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். அது உன் யோசனை. குரல் மட்டும் இன்னும் என்னுடையது.