குதிரை மெட்டின் முடிவு

மார்ச் 3, செவ்வாய்

மழை. ஏழு பாகை. பகலிலும் விளக்கு.

கம்பி ஆறும் மாற்றியாயிற்று. நகம் வெட்டியாயிற்று (இடது கை மட்டும்). பிரஷர் குளிசை, காலை, ஒன்று. றீற்றாவுக்குக் கண் வைத்தியரிடம் தெர்மின் 19ஆம் திகதி, 10.20. மறந்தால் மனைவி வீட்டில் இருக்க விடமாட்டாள்.

கெல்லரில் (நிலவறை), துணி துவைக்கும் அறையில் ஒரு மணி நேரம் வாசித்தேன். டோர்ட்மண்டில், ஏன் ஜெர்மனி முழுவதிலும், எனக்குத் தெரிந்து மிக நல்ல எதிரொலி அங்கேதான். நான்கு சுவரும் ஓடு, மேலே குழாய்கள். மூன்றாம் மாடி அம்மா கூடையோடு வந்து, நின்று கேட்டு, டொச்சில் "ஷோன்" (அழகு) என்று சொல்லிவிட்டுப் போனார். போன வருடம் சத்தம் போடாதீர்கள் என்று கதவில் துண்டு ஒட்டியவரும் இவர்தான்.

யென்ஸ் தொலைபேசி எடுத்தான். ஜனவரியில் ஹீற்றர் திருத்த வந்தபோது பழக்கமானவன். முப்பத்தைந்து வயது இருக்கும். அன்று கருவிப் பெட்டியைக் கெல்லர்ப் படியில் வைத்துவிட்டு, நான் வாசித்து முடியும்வரை உட்கார்ந்திருந்தான். அவனும் மூன்று நண்பர்களும் பழைய அமெரிக்கக் கடலலைக் கிற்றார் இசை வாசிக்கிறார்களாம், ஒரே மாதிரிக் கோடு போட்ட சட்டையில். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில், கிணற்றடியில் என்றேன். நம்பவில்லை. இன்னொன்று வாசித்தேன். நம்பினான்.

14ஆம் திகதி சனி அவர்களோடு மேடை. நான்கு உருப்படி. எனக்கு வயது எழுபத்தாறு, விரலுக்கு முப்பது. பயம் ஒன்றும் இல்லை. சட்டை அளவுதான் பிரச்சினை.

மார்ச் 4, புதன்

மழை விட்டுவிட்டு. லீக்ஸ், உப்பு, பற்றரி வாங்க வேண்டும்.

மேடையில் அறிமுகம் சொல்ல யென்ஸ் என் கதை கேட்கிறான். ஞாபகம் வந்தபடி:

றேடியோ. அண்ணனுடையது. கொழும்பிலிருந்து ஆங்கிலச் செய்தி வரும். செய்திக்கு முன், மணி அடிக்கும்வரை இடம் நிரப்ப ஒரு கிற்றார் இசைத்தட்டுப் போடுவார்கள். ஒரு நிமிடம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை. மணி வந்தால் பாதியிலேயே வெட்டு. நான் படித்த றொக் அண்ட் றோல் பள்ளிக்கூடம் அந்த ஒன்றரை நிமிடம்தான்.

முதல் மின் கிற்றார். வேப்பம் பலகை. காந்தம், ரயில் நிலையத்துப் பழைய டெலிபோனின் காதுக்குமிழிலிருந்து. கம்பி, சைக்கிள் பிறேக் வயரைப் பிரித்தது. விரலில் இரத்தம். அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

குழு. "புளூ கிறாப்ஸ்", நீல நண்டுகள். நான்கு பேர். முன் கிற்றார் நான், ட்ரம் யோகு. மற்ற இருவரும் காலமாகிவிட்டார்கள்.

இது பலகையில் ஏறி அலைமேல் சறுக்குகிறவர்களின் இசை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கடல் முழங்கால் மட்டும். அதில் நண்டுதான் சறுக்கும். கம்பி டக்கு டக்கென்று ஓடுவதைக் கேட்டு, இது கௌபோய் படத்துக் குதிரை என்று முடிவு கட்டினோம். பெயர் தெரியாது, ஆகவே "குதிரை மெட்டு". யோகு சிரட்டை தட்டிக் குளம்புச் சத்தம் போடுவான். கார்னிவலில் மூன்று தரம் கேட்பார்கள்.

அந்தத் தட்டுகளில் சத்தம் ஈரமாக, தூரத்திலிருந்து வரும். அதற்கென்று ஒரு பெட்டி உண்டு என்பதும் தெரியாது. ஸ்பீக்கரைக் கிணற்றுக் கட்டில் குப்புற வைத்தோம். கிணறு பாடியது. எங்கள் வீட்டுக்கும் றீற்றா வீட்டுக்கும் அது பங்குக் கிணறு. அவளுக்கு அப்போது பதினைந்து, எனக்குப் பதினேழு. (இது யென்சுக்குத் தேவையில்லை.)

மார்ச் 6, வெள்ளி

குளிர், காற்று. ஒத்திகை, யென்சின் கராஜில்.

எதிரொலிப் பெட்டியைக் காட்டினான். உள்ளே சுருள் கம்பி. காலால் தட்டினால் இடி இடிக்கிறது. நல்ல பெட்டிதான். தண்ணீர் வாசனை இல்லை.

குதிரை மெட்டு வாசித்தேன். முடிவு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இசைத்தட்டில் இப்படி இல்லையே என்றான் யென்ஸ். இருக்காது, தட்டின் முடிவை நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, செய்தி வந்துவிடும் என்றேன். ஆகவே எங்கள் முடிவு: குதிரை முழுவேகத்தில் வரும், பாய்ச்சலின் நடுவில் அப்படியே வெட்டு. அமைதி. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு அடி.

மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்கள். மெட்டைவிட முடிவு நன்றாயிருக்கிறதாம். அதை வைத்துப் புதிதாக ஓர் உருப்படி செய்து பதிவு பண்ணப் போகிறார்கள். அமைதி எத்தனை எண்ணிக்கை என்று கேட்டார்கள். மூன்று என்றேன். அவர்களுடைய ட்ரம்காரன் நான்கு போலப் படுகிறது என்றான். மூன்று என்றேன்.

பிறகு ஒரு படிவம் தந்தான். இந்த நாட்டில் ஆந்தை அலறினாலும் அதற்கு ஒரு படிவம் இருக்கும். முடிவை உருவாக்கியவர் பெயர், பிறந்த திகதி, வாத்தியம், கையொப்பம். 16ஆம் திகதிக்குள்.

"தனியாகச் செய்தீர்களா?"

"யா."

சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை. கராஜிலேயே பெயரை எழுதிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பூசைக்குப் போனோம். கோரஸ் கிற்றார்ப் பையனுக்கு மூன்றாம் கம்பி சுதி இல்லை. சொல்லவில்லை. (சொன்னேன்.)

படிவம் பிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என் பெயர் என்னைப் பார்க்கிறது.

யோகு எசனில் இருக்கிறான். இங்கிருந்து ரயிலில் அரை மணி. ஏழு வருடமாகப் பேச்சில்லை. அவன் மகளின் கலியாண வரவேற்பில் நான்தான் கிற்றார். குதிரை மெட்டு முடிந்து எல்லோரும் கை தட்ட, பெண்ணின் தகப்பன் மைக்கைப் பிடித்தான். "இந்த முடிவு என்ர கண்டுபிடிப்பு. தாஸை விட்டிருந்தா விடியுமட்டும் வாசிச்சிருப்பான். அடியை நிப்பாட்டினது நான்." முந்நூறு பேர் தாஸைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, சிரித்தார்கள். நான் வயரைக் கழற்றினேன், கிற்றாரைப் பெட்டியில் வைத்தேன், றீற்றாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். ஆட்டுக்கறி. வாசனை மட்டும் பிடித்ததோடு சரி.

என் ஞாபகம்: கிணற்றடி, உச்சி வெயில். நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன், எல்லோரும் நின்றார்கள். நான் தலையசைத்தேன், அடித்தார்கள். கண்ணாடிபோலத் தெளிவு.

அவன் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சேர்த்தால் மைக்கில் சொன்னது உண்மையாகிவிடும். சேர்க்காமல் தபாலில் போட்டால், செத்த வீட்டுக்கும் அவன் வரமாட்டான். புளூ கிறாப்ஸில் மிச்சம் அவனும் நானும்தான். மனதுக்குச் சரியில்லை. ஆனாலும் செய்தது நான்.

மார்ச் 9, திங்கள்

வெயில். யன்னல் திறந்தோம், இந்த வருடம் முதல் தரம்.

றீற்றா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜைக் காட்டி, "இதென்ன கடதாசி?" என்றாள். சொன்னேன்.

"இதில உங்கட பேரோ?"

"பின்ன ஆற்ற பேர்?"

"யோகண்ணை தன்ர எண்டெல்லோ சொல்லுறவர்."

"அவன் சொல்லுவான். நீர் அப்ப பக்கத்தில நிண்டனீர்தானே. நீரே சொல்லும். ஆர் முதல் நிப்பாட்டினது?"

கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"ரெண்டு பேரும் இல்லை. நான்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்டைக்கு உலை கொதிக்குது, வீட்டில சொட்டுத் தண்ணி இல்லை, அம்மா கத்துறா. நீங்கள் கிணத்துக் கட்டில ஸ்பீக்கரைக் கவிட்டு வச்சிருக்கிறியள். மூண்டு தரம் 'தள்ளுங்கோ' எண்டனான். ஒருத்தருக்கும் காது கேக்கேல்லை. வந்த கோவத்தில கயித்தை அப்பிடியே விட்டிட்டன். கப்பி கிறீச்செண்டு கத்தினது, நீங்கள் எல்லாரும் விறைச்சுப்போய் நிண்டியள். வாளி தண்ணியில விழுந்தது, பயத்தில ஆளாளுக்கு ஒரு அடி அடிச்சியள். வேலியில நிண்ட பெடியள் கை தட்டினவங்கள்."

"அது ஒரு நாள்தானே?"

"பிறகு ஒவ்வொரு முறையும் அந்த இடம் வர நான்தான் வாளி விட்டனான். நல்லாயிருந்தது. நான் தண்ணி அள்ள வாறன் எண்டு நினைச்சியள் போல."

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் இண்டைக்குத்தானே கேட்டனீங்கள்."

"அண்டைக்குக் கலியாண வீட்டிலயாவது சொல்லியிருக்கலாமே."

"முந்நூறு பேருக்கு முன்னால ரெண்டு பேரையும் வெக்கப்படுத்தவோ?"

கெல்லருக்கு இறங்கிப் போனேன். கிற்றார் எடுக்கவில்லை. மெஷின்மேல் உட்கார்ந்து அந்தக் கிணற்றடியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கப்பிச் சத்தம் இருக்கிறது. எப்போதும் இருந்திருக்கிறது. ஏதோ குருவி என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதலில் கோபம், பிறகு வெட்கம். என் பங்கு, பயத்தில் அடித்த ஒரு அடி. யோகுவின் பங்கும் அதுவே. இதற்கா ஏழு வருடம்?

லீக்ஸ் வறை. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

மேகம். காலை பதினொரு மணிக்கு எசனுக்கு, யோகுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கம் விரலுக்கு ஞாபகம் இருந்தது.

"தாஸ் கதைக்கிறன்," என்றேன்.

"ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லை. குதிரை மெட்டு விசயம்."

"அது என்ர."

"உன்ரயும் இல்லை, என்ரயும் இல்லையடா."

முழுவதும் சொன்னேன். குறுக்கே பேசவில்லை, யோகு குறுக்கே பேசாமல் இருந்தது வாழ்க்கையில் இதுவே முதல் தரம். கடைசியில், "டேய்... அந்த எண்ணெய் போடாத கப்பி," என்றான்.

"ஓம்."

"நீங்கள் எழும்பிப் போன அண்டைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கேல்லை மச்சான். உனக்கு எடுத்துச் சொல்லத்தான் ஏலாமல் போச்சு." மூக்கை உறிஞ்சினான். "சரி, அதை விடு. அப்ப எத்தினை எண்ணிக்கை? மூண்டோ நாலோ?"

றீற்றா போனை வாங்கினாள். "மாரியில மூண்டு, கோடையில நாலு, யோகண்ணை. தண்ணி எங்க நிக்குதோ, அதைப் பொறுத்தது."

அதாவது நான் சொன்னதும் சரி. இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

சனிக்கிழமை மேடைக்கு முதல் நாளே வா என்றேன். முழங்கால் ஏலாது என்றான். குதிரைக்குத்தான் முழங்கால் வேண்டும், ஓட்டுகிறவனுக்குக் கை போதும் என்றேன். எத்தனை மணி ரயில் என்று கேட்டான்.

யென்சுக்கும் எடுத்தேன். புதுப் படிவம் ஒன்று வேண்டும், முதலாவது பழுதாகிவிட்டது என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

தூறல். யோகு வந்தான். தலை முழுக்க வெள்ளை, வயிறு என்னுடையதைவிடப் பெரிது (சந்தோஷம்). ஒரு கையில் ட்ரம் குச்சி, மறு கையில் மூன்று தட்டு டிபன் கரியர்.

"ஆட்டுக்கறி. ஏழு வருசத்துக்கு முந்தி விட்டிட்டுப் போனது."

கராஜிலேயே சாப்பிட்டோம். யென்சின் ட்ரம்காரன் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் தரம் கேட்டான்.

ஒத்திகை. பாய்ச்சல், வெட்டு. நான் மூன்றில் அடித்தேன், யோகு நான்கில் அடித்தான். மறுபடி. அவன் மூன்று, நான் நான்கு. விட்டுக்கொடுக்கிறோமாம். யென்ஸ் தலையில் கை வைத்தான். பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த றீற்றா, "ரெண்டு பேரும் எண்ண வேண்டாம். என்ர கையைப் பாருங்கோ. கை விழ அடியுங்கோ," என்றாள்.

கை விழுந்தது. அடித்தோம். சரி.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். பதினொரு பாகை. பூசைக்குப் போகவில்லை. முதுகு.

நேற்று: நூற்றைம்பது பேர் இருக்கும். கோடு போட்ட சட்டையில் கடைசிப் பொத்தான் பூட்டவில்லை, கிற்றார் மறைத்தது. முதல் மூன்று உருப்படியும் சுத்தம். இரண்டாவதில் ஒரு கம்பி தவறினேன். யோகுவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்ததை அவன் கண்ணால் சொன்னான்.

குதிரை மெட்டு. அந்த வேகத்தில் பதினேழு வயதிலும் வாசித்ததில்லை. யோகு பின்னால் துரத்திக்கொண்டு வந்தான். வெட்டு. முன்வரிசையில் றீற்றா, நாவற்பழ நிறக் காஞ்சிபுரம், கை மேலே.

மூன்று. நான்கு. கை இறங்கவில்லை. ஐந்து. மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. எங்கோ ஒரு போத்தல் கிணுங்கியது. ஆறு. வியர்வை கண்ணுக்குள். யோகுவின் குச்சி இரண்டும் அந்தரத்தில். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கை விழுந்தது.

அப்படி ஓர் அடி ஐம்பத்தொன்பது வருடத்தில் அடித்ததில்லை. சனம் எழும்பிவிட்டது.

இறங்கி வந்ததும் யோகு கேட்டான்: "என்ன றீற்றா, கிணறு வத்திப் போச்சோ?"

"ஐம்பத்தொன்பது வருசம் நான் பொறுத்தனான். நீங்கள் ரெண்டு பேரும் ஆறு எண்ணுமட்டும் பொறுக்க ஏலாதோ?"

யோகு இரவு எங்கள் சோபாவில். இப்போதும் குறட்டை, நான்குக்கு நான்கு தாளத்தில்.

படிவம் நிரப்பினேன். கறுப்புப் பேனை, பெரிய எழுத்து. முதல் வரியில் றீற்றா. கீழே நானும் யோகுவும், அகர வரிசையில், ஆகவே நான் முதலில். கையொப்பம் மூன்றும் வாங்கியாயிற்று. யோகு கிற்றார்க் கட்டத்துக்கு எதிரே உள்ள என் பெயரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான், எழுதிவைக்கவில்லை.

றீற்றாவின் வரியில் வாத்தியம் என்ற கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அகராதி எடுத்து டொச்சுச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்து எழுதினேன்.

வாளி.