ஆறால் பெருக்கிய நீலக் கவுன்

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சௌக்கியம். போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது என்று இந்தக் கடிதப் பழக்கத்தைத் தொடங்கினோமே, எவ்வளவு நல்லதாகப் போயிற்று! இல்லையென்றால் உன் கல்யாணச் செய்தியைக் கேட்டு நான் போட்ட கூச்சலில் உன் காது போயிருக்கும். நாற்பத்து நாலு வயதில் மாப்பிள்ளை! சோபாவுக்கு உறை தைத்தே காலத்தை ஓட்டிவிடுவாய் என்று நினைத்திருந்தேன். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், நாற்காலிக்கு மெத்தை மாற்ற வந்து உன்னிடம் மாட்டிக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த நாற்காலிக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போடு.

உன் பார்சலும் வந்தது. "நீதான் பொம்மை சேர்க்கிறாயே, இருப்பதிலேயே அழகானதாக வாங்கினேன்" என்று சீட்டு வேறு. ஏண்டா தங்கமே, நீ அனுப்பியது ஒல்லிப் பொம்மை. அதன் இடுப்பு என் பெருவிரல் தடிமன்கூட இல்லை. நான் சேர்ப்பது குண்டுப் பொம்மைகள். தொடையும் வயிறும் இரட்டைத் தாடையுமாக, நாகரிகமாக உடுத்திக்கொண்டு நிற்கிற பெரிய உடம்புக்காரிகள். எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! செவிடன் காதில் ஊதிய சங்குதான். இருந்தாலும் தம்பி கொடுத்தது ஆயிற்றே. அலமாரியில் பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். முன்வரிசை என் ஆட்களுக்கு.

கல்யாணத்துக்கு நான் வருவதற்கில்லை. அந்த வாரம் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. நான் இல்லாவிட்டால் பிரேம் எது, பெட்டி எது என்று ஒருவருக்கும் தெரியாது. மனதார வாழ்த்துகிறேன். கோபிக்காதே.

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ திட்டியதைப் பட்டறையில் உட்கார்ந்து வரப்போகிறவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா சொல்றது நியாயம்தானே? அவங்க சேர்க்கிறது ஒண்ணு, நீங்க வாங்கினது ஒண்ணு" என்று உடனே உன் கட்சிக்குத் தாவிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பே என் நிலைமை இப்படி.

சரக்குக் கணக்கெடுப்பாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, வாசல் படிக்கட்டில் ஒரு போட்டோ, பிறகு சாப்பாடு. கல்யாணம் இவ்வளவுதான். உன்னைத் தடுப்பது அந்தப் போட்டோ. எனக்குத் தெரியாதா? நம் வீட்டு ஆல்பத்தை அவளுக்குக் காட்டினேன். "இதுல உங்க அக்கா எங்கே?" என்று கேட்டாள். இருவருமாகத் தேடினோம். ஒன்றில் சோபாவுக்குப் பின்னால் நிற்கிறாய். ஒன்றில் அப்பாவின் தோளுக்கு மேல் உன் அரை முகம். மற்றதில் எல்லாம் காமிராவைப் பிடித்திருந்ததே நீதான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி. கல்யாணப் படத்தில் என் பக்கம் ஆளில்லாமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது. இதை வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தப் பொம்மைகளிடம் அப்படி என்னதான் இருக்கிறது? நீ தைத்த உடுப்பு ஒன்றை அனுப்பேன். அவளும் பார்க்க ஆசைப்படுகிறாள்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். ஆல்பத்தை எதற்குக் காட்டினாய்? சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

கடைக்கு ஒரு பெண் பிரேம் மாற்ற வந்தாள். பவர் சீட்டை எடுக்கப் பையைக் கவிழ்த்தபோது ஒரு பொம்மையும் மேஜைமேல் விழுந்தது. சிவப்புக் கோட்டு, இடுப்பில் ஒரு கை, கோட்டுக்கு வெளியே தெரிகிற வயிறு. அதே என் வயிறுதான்! ஆனால் அவள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. யாரோ கடையை அவள் பேரில் எழுதிவைத்த மாதிரி நின்றாள். எனக்கு அவள்மேல் அப்படி ஓர் ஆசை வந்தது. "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டதுதான் தாமதம், அந்தப் பெண் பவரை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். இப்படிப் பொம்மை சேர்க்கிறவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள், எல்லாரும் என் வயதுக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவோம். இந்த மாதிரிப் பொம்மைகளைக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் எங்கே ஒன்று கண்ணில் பட்டாலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

இப்போது என் அலமாரியில் வக்கீலம்மா இருக்கிறாள், தலைமையாசிரியை இருக்கிறாள், விமானி இருக்கிறாள். இவர்களுக்குக் கடையில் உடுப்பு கிடையாது. விற்பதெல்லாம் ஒல்லிகளுக்கு, தொடைக்குமேல் ஏறாது. அங்கேயும் என் கதைதான். அதனால் நானே தைக்கிறேன். என் அளவை ஆறால் வகுத்தால் வக்கீலம்மா அளவு. இடுப்பில் மட்டும் அவள் கொஞ்சம் குறைச்சல், அதற்குப் பஞ்சு சுற்றிச் சரிக்கட்டிவிட்டேன். நான் என்ன போட ஆசைப்படுகிறேனோ அதை அவளுக்குத் தைத்துப் போட்டுப் பார்ப்பேன். அப்படி வக்கீலம்மாவுக்குத் தைத்த ஒரு நீலக் கவுனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அழுக்காக்காதே. வரப்போகிறவளிடமும் சொல்லிவிடு.

எனக்கு ஏன் தைத்துக்கொள்வதில்லை என்று கேட்பாய். உன் காலேஜ் விழாவுக்காக ஒரு தையற்கடைக்குப் போனேன். அளவெடுத்தவர் என் இடுப்பளவை உள்ளே எழுதுகிறவருக்குக் கூவினார். எழுதுகிறவர் நம்பாமல், "எவ்ளோ?" என்று கேட்டார். இவர் இன்னும் உரக்கக் கூவினார். கடையே திரும்பிப் பார்த்தது. அன்றோடு சரி. அதன் பிறகு தொளதொளவென்று கிடைப்பதை வாங்கி மாட்டிக்கொள்கிறேன். சின்ன மெஷினில் பொம்மைக்குத் தைக்கலாம், என் உடம்புக்குத் தைக்க உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. அந்தத் தொளதொளவில் வந்து உன் பக்கத்தில் நின்று, பெண் வீட்டார் பார்க்க, போட்டோ எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லையடா. வராததற்கு இதுதான் காரணம். இனிமேல் கேட்காதே.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்திருப்பாய். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைப் பிரி.

பார்த்தாயா? அந்த நீலக் கவுனையே உன் அளவுக்கு நானே தைத்தேன். கடையில் உறை தைக்கிற மெஷினில், ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு. நீ ஆறால் வகுத்தாய், நான் ஆறால் பெருக்கினேன். அளவு நாடாவோடு உன் வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை, எவனும் கூவவில்லை. உன் அளவு எனக்கும் வக்கீலம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாதிரி கொடுத்தால் அதில் நூல் அளவும் மாற்றக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அதனால் எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை.

அவள் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். "தொழில்காரனுக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு எழுது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தன் உட்கார்ந்து எனக்காகத் துணி வெட்டியிருக்கிறானே என்று. பிறகு போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "என்னாச்சு? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

டேய் மடையா! பொம்மையின் விரல் மடங்காது. விரித்த கையோடு நுழைய வேண்டும் என்று கவுனுக்குக் கையை அகலமாக வைத்திருந்தேன். நீ அதையும் ஆறால் பெருக்கியிருக்கிறாய். ஒரு கைக்குள் என் தொடை போகும், போட்டே பார்த்தேன். பொம்மைக்குத் தலை வழியாக மாட்ட முடியாது, அதனால் பின்பக்கம் கழுத்திலிருந்து கால்வரை திறப்பு. நீயும் கழுத்திலிருந்து கால்வரை திறந்து, சோபா மெத்தைக்குப் போடுகிற ஜிப்பை வைத்துத் தைத்திருக்கிறாய். அதை இழுத்து மூட எனக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். முன்னால் அழகுக்கு மூன்று சட்டைப் பொத்தான் வைத்திருந்தேனே, அவை இப்போது தட்டு அளவில் இருக்கின்றன! துணி போர்த்திய சோபாப் பொத்தான்கள்! என்மேல் யாராவது வந்து உட்கார்ந்தாலும் உட்காருவார்கள். அந்தப் பெண் சொல்ல வந்ததைச் சொல்லவிட்டிருக்கக் கூடாதா? நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

ஆனால் கேள். இடுப்பு சரியாக இருந்தது. தொடையில் பிடிக்கவில்லை, வயிற்றில் தொங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, என் அளவு ஒன்றும் உலகத்தில் இல்லாத அளவு இல்லை போலிருக்கிறது, ஒரு சோபாக்காரனால்கூடத் தைக்க முடிகிறது என்று நினைத்தேன். அந்தத் துணியை வீணாக்க மனம் வரவில்லை. மறுநாள் கடை விட்டதும் கவுனைப் பையில் சுருட்டிக்கொண்டு, போகிற வழியில் இருக்கும் பெண்கள் தையற்கடைக்குள் போனேன். வாசலில் இரண்டு தரம் திரும்பிவிட்டு மூன்றாம் தரம்தான் போனேன், பொய் சொல்வானேன்.

தையற்காரி நாடாவை எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே என் இடுப்பளவை உரக்கச் சொன்னேன். "சரிங்க" என்று எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜிப்பைத் தடவிப் பார்த்து, "இது யாருங்க தைச்சது? தையல் இரும்பு மாதிரி இருக்கே" என்று கேட்டாள். என் தம்பி என்றேன். கையைக் குறைத்து, முதுகை மூடி, பொத்தானைப் பிய்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கணக்கெடுப்பு என்று சொன்னது சாக்குதான், அது போன வாரமே முடிந்துவிட்டது. வருகிறேன். எனக்கு ஜன்னல் இருக்கிற அறையாகப் பார்த்து வை.

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. இரண்டு நாள் வீடே வெறிச்சென்று இருந்தது. "அண்ணி எப்போ திரும்ப வருவாங்க?" என்று இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நான் இந்த வீட்டில் மூன்றாம் ஆள்.

போட்டோக்கள் வந்துவிட்டன. படிக்கட்டில் எடுத்ததைத் தேடித்தான் முதலில் பிரித்தோம். போட்டோக்காரர் உன்னைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் பின்னால போய் நில்லுங்க" என்று சொன்னாரே, எனக்கு உயிரே போய்விட்டது. அவ்வளவு தூரம் வந்தவள் அப்படியே இறங்கிப் போய்விடுவாய் என்று உன் கையைப் பிடிக்கப் பார்த்தேன். நீயோ அந்த நீலக் கவுனில் அசையாமல் நின்று, "நான் மாப்பிள்ளையோட அக்கா. நீங்க பின்னால போங்க தம்பி, எல்லாரும் படத்துல அடங்குவோம்" என்றாய். அவர் மறுபேச்சுப் பேசாமல் படி இறங்கிப் போனார். இவளுடைய அப்பா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில்தான் அவர் எடுத்திருக்கிறார். நான் கண்ணை மூடியிருக்கிறேன். இவள் காமிராவைப் பார்க்காமல் உன்னைப் பார்க்கிறாள். உருப்படியாக விழுந்திருப்பது நீ மட்டும்தான்.

வேறு படங்களில் நாங்கள் இருவரும் ஒழுங்காக இருக்கிறோம். ஆனாலும் இதைத்தான் சட்டம் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. ஒரு சின்னப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடு, வருத்தப்பட மாட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன். பிறகு கடையில் மத்தியான ஓய்வில் பிரித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

நன்றாக இருக்கிறேனடா. யாரும் சொல்லாமல் எனக்கே தோன்றியது. கன்னம், கை, வயிறு எல்லாம் என்னுடையதுதான், எதையும் எங்கேயும் ஒளிக்கவில்லை. வாயைத் திறந்து அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது.

திருப்பி அனுப்புவதாக இல்லை. நீ அனுப்பியது உள்ளங்கை அளவுதான் இருக்கிறது, போதாது. பெரிதாக ஒன்று போட்டு அனுப்பு. கடையில் பிரேம் பார்க்க வருகிறவர்கள் உட்காருகிற இடத்துக்கு எதிரே சுவர் காலியாக இருக்கிறது. முதலாளியிடம் கேட்டுவிட்டேன், ஆணியும் அடித்தாயிற்று.

உன் அக்கா