முதலாம் எண் கயிறு

போர்ட்சாய்,
மார்ச் 9

அன்பு மகன் ஸ்ட்ரூவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகள் மராமாவும் பேரக்குட்டியும் அதேபோல் இருந்தால் எனக்குப் போதும். நீ அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது, படகு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுகிற அக்கறையில் பாதியை உன் வயிற்றின் மேலும் காட்டு. இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை, துறைமுகத்துக் காற்று நேற்று என் போர்வையைப் பக்கத்து வீட்டு ஜெசியின் கூரையில் கொண்டுபோய் விரித்துவிட்டது, அப்பா ஏணி போட்டு ஏறி எடுத்தார். எழுபத்தொன்பது வயதில் ஏணி எதற்கு என்று கத்தினேன், காதில் வாங்கினால்தானே.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்திருக்கிறது, கேள். உன் அப்பா எனக்குத் தெரியாமல் தன் சாவுக்குச் சீட்டு எடுத்து வைத்திருந்தார்! துணி துவைக்கிற மெஷினுக்கு உத்தரவாதச் சீட்டைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது கையில் அகப்பட்டது. மத்தியானம் டிவியில் விளம்பரம் பார்த்து, தானே போன் போட்டு, இறுதிக்காரியம் நடத்தித் தருகிற ஒரு கம்பெனிக்கு முழுப்பணமும் முன்கூட்டியே கட்டியிருக்கிறார். இப்போது இந்த வியாபாரத்துக்கெல்லாம் சட்டம் கடுமையாகிவிட்டது, திட்டத்தில் என்ன உண்டு என்ன இல்லை என்பதை ஒரே தாளில் எவருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். அந்தப் புண்ணியத்தில் எனக்கும் புரிந்தது. உண்டு: எரியூட்டல். இல்லை: சடங்கு, பிரார்த்தனை, உறவினர் வருகை, அடக்கம். எங்கோ ஒரு ஊரில், யாரும் பக்கத்தில் இல்லாமல், ஒரு காலை வேளையில் வேலை முடிந்துவிடும். அப்படிப் போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் உன் அப்பாவா? செத்தவர் பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, எது யாருக்கு என்று எண் போட்டு, அடக்க ஏற்பாடு செய்கிற நம் ஊர் அலிஸ்டர் அட்டை கொடுப்பான், அப்படி உன் அப்பா கயிறு பிடித்த நாற்பத்திரண்டு சாவுக்கும் வந்த அட்டைகள் இன்னும் அவர் புகையிலை டப்பாவில் கிடக்கின்றன. அந்த மனுஷருக்கு ஒரு கயிறுகூட இல்லாத சாவா? மேட்டுக் கல்லறையில் எங்கள் இரண்டு பேருக்கும் வாங்கிப் போட்ட இடம் வேறு இருக்கிறது, அதில் நான் ஒண்டிக்கட்டையாகக் கிடந்து என்ன செய்ய!

கிழவரை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஜெசிக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும், இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் அவள் பணம் கட்டிய கம்பெனி மூடிக்கொண்டு போனதில் அவளுக்குக் கிடைத்தது ஒரு வருத்தக் கடிதம் மட்டும். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேண்டாமென்றால் முப்பது நாளுக்குள் சொல்லிவிடலாம், முழுப்பணமும் திரும்பும் என்றிருந்தது, எண்ணிப் பார்த்தால் அன்றைக்கு இருபத்து நான்காம் நாள். உடனே போன் போட்டேன். அந்தப் பெண் தங்கமான பெண், ஆனாலும், “மன்னிச்சுக்கங்கம்மா, ஒப்பந்தம் அவர் பேர்ல இருக்கு, அவரே சொன்னாத்தான் ரத்து பண்ண முடியும்” என்றுவிட்டாள். நம் வீட்டு மலையை நகர்த்த எனக்கு ஆறே நாள்.

ராத்திரிச் சாப்பாடு வரை பொறுக்கவில்லை, மத்தியானமே புகைபோட்ட மீன் சூப்பை முன்னால் வைத்து, “ஏன்யா மேக்னஸ், இந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் படிச்சியா இல்லையா?” என்று கேட்டேன். “ரெண்டு தடவை படிச்சேன்” என்றார், சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏமாறவில்லை, தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார். ஏன் என்றால், “செத்தவனுக்கு எதுக்கு ஊர்கோலம்?” என்பார், “உனக்கு வேலை மிச்சம்தானே?” என்பார், அதற்குமேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், அவருக்கு அது சௌகரியமாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் அவராகவே ஆரம்பித்தார், வலையில் முடிச்சுப் போட்டபடியே, என்னைப் பார்க்காமல். “தலைமாட்டுல முதல் கயிறு மூத்த பிள்ளைக்கு. அவன் உலகத்தோட அந்தக் கோடியில இருக்கான். ரெண்டு நாள் பறந்து வரணும், வேலையை விடணும், கைக்குழந்தையை விடணும். வான்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவன் வராம முதல் கயிறு மட்டும் தொங்கினா ஊரே பாக்கும், அப்புறம் அவனைத்தான் பேசும். யாருமே இல்லாமப் போயிட்டா யாரையும் பேச முடியாதுல்ல?” என்றார். ஸ்ட்ரூவன், நான் உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீ போன இந்தப் பத்து வருஷமாக அந்த மனுஷர் இதை உள்ளேயே வைத்திருந்தாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, “அந்தக் கயித்தை நான் பிடிக்கிறேன்” என்றேன். “பொம்பளையா? நம்ம தெருவுல பொம்பளைங்க கல்லறை வாசலுக்கே வந்ததில்ல” என்றார். “அது உங்கம்மா காலம். நாப்பத்தாறு வருஷமா உன்னை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன், கடைசியா ஒரு தடவை மெதுவா விடத் தெரியாதா எனக்கு?” என்றேன்.  மனுஷர் சிரித்தார் பார், இருமல் வந்து முதுகில் நாலு தட்டுத் தட்ட வேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் அவரே போன் போட்டு ரத்து செய்தார், இருபத்தெட்டாம் நாள்! அந்தப் பெண்ணுக்கு வானிலை, மீன்வரத்து, என் பிடிவாதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

இப்போது நம் அலிஸ்டரிடமே எழுதிக்கொள்கிறோம், மேட்டில் அடக்கம், பிரார்த்தனை, எட்டுக் கயிறு, பிறகு எல்லோருக்கும் சூப்பும் ரொட்டியும். பணம் அவன் பையில் போகாது, வேறொருவர் பொறுப்பில் தனியாக இருக்கும், அதையும் நான் கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டேன். நேற்று அலிஸ்டர் கொண்டுவந்த படிவத்தில் அப்பா மேசையில் உட்கார்ந்து கயிற்றுக்காரர் பெயர்களை நிரப்பினார். இரண்டிலிருந்து எட்டுவரை மளமளவென்று எழுதிவிட்டார், இரண்டு பேரோடு அவருக்குப் பேச்சே கிடையாது, அவர்களையும் சேர்த்தார். முதலாம் எண்ணுக்கு ‘ஸ்ட்ரூவன், வந்தால், இல்லையென்றால் எஃபி’ என்று எழுதப்போனார். அலிஸ்டர் சிரித்துக்கொண்டே, “ஒரு கட்டத்துக்கு ஒரு பேர்தான் மாமா, எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்” என்றான். அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அவர் ஒன்றும் கிளம்புகிற அவசரத்தில் இல்லை, பயப்படாதே, போன வாரம்தான் ஐந்து வருஷ உத்தரவாதத்தோடு ரப்பர் பூட்ஸ் வாங்கினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு நீயாகவே அவரிடம் பேசு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. வர முடியுமென்றால் முடியும் என்று சொல், முடியாதென்றால் முடியாது என்றே சொல், அவர் மனசைத் தேற்ற ஒரு பொய் மட்டும் வேண்டாம். உன் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறினால் இரண்டாம் எண்காரரிடம் கேட்டு நான் அவர் கயிற்றுக்கு நகர்ந்துகொள்வேன். ஏறாவிட்டாலும் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு, உன் பங்குக்கும் சேர்த்து உன் அப்பாவை மெதுவாகத்தான் இறக்குவேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். குட்டிக்குப் பின்னிய காலுறை தனிப் பொட்டலத்தில் வருகிறது, வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிடாதே என்று மராமாவிடம் சொல்.

உன் அம்மா,
எஃபி