பதினோரு மாதமாக டயர் பார்க்கிறார்

செப்டம்பர் 4, திங்கள்

இன்றைக்கும் வாங்கவில்லை.

டயர்கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்காரர் இறங்கினார். அடுக்கி வைத்திருந்த டயர்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஓரத்தில் பொறித்திருந்த எண்களை நோட்டில் குறித்துக்கொண்டார். கடைக்காரரிடம் "யோசிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வீடு வரை சண்டைதான்.

பதினோரு மாதமாக யோசிக்கிறார். அதற்குள் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பெயரே வைத்திருக்கலாம். இது மூன்றாவது நோட்டு. மளிகைச் சாமான் எழுத ஒரு தாள் கேட்டால் கிழிக்க விடமாட்டேன் என்கிறார்.

செப்டம்பர் 6, புதன்

படகுப் பட்டறைக்காரர் போன் செய்தார். மழை தொடங்குவதற்குள், மாதக் கடைசிக்குள், ஏரியில் கிடக்கும் ஒன்பது படகும் பட்டறைக்கு ஏறியாக வேண்டுமாம். "முடியலன்னா சொல்லிடுங்கம்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." வருத்தமில்லை என்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

பதினாறு வருஷமாக இந்தப் படகுகளை ஏற்றி இறக்குவது நாங்கள்தான். இந்த வருஷம் இறக்குகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஏற்றுகிறதும் போனால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? வண்டியும் டிரெய்லரும் கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான்.

இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். சரியாம்!

செப்டம்பர் 9, சனி

கொழுந்தன் வந்தான். லாரி ஓட்டுகிறவன், ஆகவே சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவனுக்குத் தெரியாதது கிடையாது. பெரிய பட்டன் டயராக, மேலே கட்டை கட்டையாகப் புடைத்திருக்கிறதாகப் போடச் சொன்னான். போட்டால் மலையே ஏறுமாம்.

இவர் நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே, "இங்க மலை எங்கடா இருக்கு?" என்றார்.

அப்புறம் பேச்சைப் பிடித்துக்கொண்டார். பெரிய பட்டன் சேற்றுக்குத்தான் நல்லது. பாசி பிடித்த ஈரக் கல்லில் அது வழுக்கும். மெத்தென்று போகிற கார் டயரைப் போட்டால் பின்னால் கனம் ஏறியதும் ஓரம் நசுங்கி வண்டி ஆடும். இழுக்கிற வண்டிக்கு ஓரம் கெட்டியாக இருக்க வேண்டும், எவ்வளவு கனம் தாங்கும் என்பதைப் பார்க்க வேண்டும், நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அரை மணி நேரம் பேசினார். கொழுந்தன் கொட்டாவி விட்டுவிட்டு, "அண்ணி, அண்ணனுக்கு எல்லாம் தெரியுது, அப்புறம் என்னத்துக்கு வாங்க மாட்டேங்கறாரு?" என்று கேட்டான்.

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலி டிரெய்லரைக் கொட்டகைக்குள் பின்னால் விட்டுப் பழகினேன். ஏழு தடவை. வலதுக்குத் திருப்பினால் அது இடதுக்குப் போகிறது. இவர் ஓரமாக நின்று கையை ஆட்டுகிறார், ஆனால் வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாரா? ஊசியில் நூல் கோப்பது மாதிரி ஒரே தடவையில் விடுகிற மனுஷர். ரோட்டில் நேராக ஓட்டத்தான் நான். பின்னால் விடுவது இவர் வேலை.

செப்டம்பர் 12, செவ்வாய்

இன்றைக்கு என்னால் முடியவில்லை. நோட்டைப் பிடுங்கி மேசையில் போட்டேன். "என்னதாங்க உங்க பிரச்சினை? டயரா, இல்ல நானா?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது.

எழுந்து போய் எங்கள் ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "டயர் மாத்திட்டா நான் ஓட்டணும்ல."

நோட்டை எடுத்து, மடங்கின ஓரத்தை நீவினார்.

"அன்னிக்கு நான் பாத்தேன். கண்ணாடில நீ இல்ல."

போன வருஷம் கடைசிப் படகு. தூறல். கரைச் சரிவில் பாசி. வண்டியில் நாலும் மொட்டை டயர். "இன்னும் ஒரு சீசன் ஓடும்" என்று சொன்னவர் இவர்தான். படகை ஏற்றி மேலே இழுத்தபோது சக்கரம் சுற்றியதே தவிர ஏறவில்லை. அப்படியே பின்னால் வழுக்கியது. டிரெய்லர் என்னைத் தண்ணீருக்குள் தள்ளியது. கெண்டைக்காலில் ஒன்பது தையல். ஒரு செருப்பு போயே போயிற்று. எல்லாரிடமும் நான் அதைச் செருப்பு தொலைந்த கதையாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இவர் ஒரு நாளும் சிரித்ததில்லை.

யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. "ஓட்டறவன் கண்ணாடில உன் மூஞ்சி தெரியணும், தெரியலன்னா நான் நிறுத்திடுவேன்" — பதினாறு வருஷமாக இதுதான் எங்கள் வழக்கம். கயிறு சிக்கிக்கொண்டது என்று நான்தான் டிரெய்லருக்குப் பின்னால் போனேன். அவர் நிறுத்தத்தான் பார்த்தார், வண்டி நிற்கவில்லை. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, புதன்

குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன், அதை அவர் சொல்லக்கூட இல்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

இவரை நம்பிப் பயனில்லை என்று நானே டயர்கடைக்குப் போனேன். நல்லதாக நாலு டயர் மாட்டிவிடுங்கள் என்றேன். கடைக்காரர் சாவதானமாக, என்ன இழுக்கிறீர்கள், எவ்வளவு கனம் என்று கேட்டார். படகு என்றேன். எவ்வளவு கனம்? பெரிய படகு என்றேன். மனிதர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே! "அண்ணன் நோட்டுல இருக்கும்மா, கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

இந்த வயதில் எனக்கு இந்த மூக்கறுப்பு தேவையா?

செப்டம்பர் 18, திங்கள்

வாங்கியாகிவிட்டது. வாங்கியாகிவிட்டது! இரண்டு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். நோட்டு போனால் அவரும் வந்துதானே ஆக வேண்டும்? வந்தார். கடையில் ஒவ்வொரு படகின் கனத்தையும் வாசித்தார் — இன்ஜினோடு, டிரெய்லரோடு, அடியில் தேங்கும் தண்ணீரோடு. கடைக்காரர் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தனின் மலையேறி ஒன்று, மெத்தென்று ஒன்று, பார்க்க ஒரு அழகும் இல்லாமல் ஓரம் கல்லாக இருந்தது ஒன்று. மூன்றாவதைத்தான் எடுத்தோம். பட்டன் நடுவே நெருக்கமாகக் கீறல். தண்ணீர் அதில் ஓடிவிடும், ரப்பர் கல்லைப் பிடிக்கும் என்றார் இவர். பதினோரு மாதத்துக்குப் பிறகு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

நாலும் மாட்டி முடித்ததும், "டிரெய்லர் டயரையும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று ஆரம்பித்தார் பாருங்கள்! இன்னொரு பதினோரு மாதமா? ஒரே வெட்டாக வெட்டினேன். "அதுல பட்டன் அப்படியே புதுசா இருக்கு. வருஷத்துல நாலு வாரம் ஓடற டயர். இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், பேசாம வாங்க."

பேசாமல் வந்தார்.

செப்டம்பர் 20, புதன்

வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். காற்று பார்க்கிறார். நட்டு முறுக்குகிறார். சாவியை மட்டும் என் கையில் கொடுக்கிறார்.

செப்டம்பர் 22, வெள்ளி

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

முதல் படகு. கரையில் நான்தான் பின்னால் விட்டேன். ஒன்பது தடவை. மீன் பிடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எப்படியோ படகை ஏற்றி மேலே இழுத்தேன். புது டயர் ஒரு துளி வழுக்கவில்லை. மனசுக்குள் கொஞ்சம் தெம்பு வந்தது.

பட்டறைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பின்னால் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். டிரெய்லர் ஒரு பக்கமாக இழுத்தது. கண்ணாடியில் படகு சாய்வது தெரிந்தது. பிரேக்கில் கால் வைக்கப் போனேன். "மிதிக்காத. நேரா புடி. தானா குறையட்டும்" என்றார் பக்கத்திலிருந்து, கடைக்குப் போய்விட்டு வா என்று சொல்கிற குரலில். பிடித்தேன். நின்றது. படகைக் கட்டியிருந்த பெல்ட் அறுபடவில்லை, படகு விழவில்லை.

இறங்கிப் பார்த்தால் — டிரெய்லர் டயர். நான் ஐந்து வருஷம் ஓடும் என்ற டயர். பட்டன் இன்றைக்கும் புதுசு மாதிரிதான் இருந்தது. ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு. ஓடித் தேயவில்லை, நின்ற இடத்திலேயே பழசாகிச் செத்திருக்கிறது. இன்னொரு பக்கத்து டயரும் அதே கதி. ஆனை போய் வால் மாட்டிக்கொண்ட கதை.

போன வருஷம் அவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் இந்த வருஷம் நான் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. ஜாக்கி போட்டார், ஸ்டெப்னியை மாட்டினார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன், மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். சாவியைக் கேட்டார். கொடுத்தேன். ஸ்டெப்னியும் பழசு என்பதால் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். நேராகத்தான் ஓட்டினார். பட்டறையில் படகை உள்ளே விட மறுபடி என்னைத்தான் கூப்பிட்டார்.

செப்டம்பர் 23, சனி

டயர்கடைக்கு நானே போனேன், கையில் நோட்டோடு. டிரெய்லருக்கென்றே வருகிற டயர், ஸ்டெப்னியோடு மூன்று. ஓரத்தில் தயாரித்த தேதி போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று மூன்றாவது நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார். மூன்றையும் குனிந்து பார்த்தேன். ஒன்று மூன்று வருஷம் பழசு. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். "அண்ணன விட நீங்க மோசம்மா" என்றார் கடைக்காரர்.

செப்டம்பர் 25, திங்கள்

காலையிலேயே தூறல். ஏரிக்கரை வரை நான் ஓட்டினேன். சரிவின் மேல்முனையில் நிறுத்தினேன். மீன் பிடிக்கிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான்.

இன்ஜினை அணைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான்தாங்க எடம் மாறி நின்னேன். கயிறு சிக்கிடுச்சுன்னு பின்னால போயிட்டேன். உங்ககிட்ட சொல்லல."

வைப்பர் நின்றுபோன முன் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. கோபம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இன்னிக்கு எங்க நிக்கப் போற?" என்றார்.

இறங்கிப் போய்ச் சரிவின் ஓரத்தில், என் இடத்தில், நின்றேன். காலில் தையல் போட்ட இடம் ஈரத்துக்கு வலித்தது. அவர் சுற்றி வந்து ஓட்டுகிற சீட்டில் ஏறினார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் வழியாகக் கை வந்து பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தது. கொஞ்சம் திருப்பியது. இன்னும் கொஞ்சம்.

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன்.

ஒரே தடவையில் விட்டார்.