கொடிக்காலுக்கு வெளியே

மதினி,

இன்று உசிலம்பட்டிப் பேருந்தில் என் காலடியில் ஒரு கூடை இருந்தது. ஈரச் சாக்கு போட்டு மூடிய வெற்றிலைக் கூடை. யாருடையது என்று தெரியவில்லை. சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் என் செருப்பை நனைத்தது. காரமும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசனை. பல்கலைக்கழக நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. செக்கானூரணி வரை போய், எதிர்ப் பேருந்து பிடித்துத் திரும்பி வந்தேன்.

விடுதியிலிருந்து உங்களுக்கு நிறையக் கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாம் இன்லண்ட் கடிதம். அண்ணன்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். அதனால் பரீட்சையைப் பற்றியும் சாம்பாரைப் பற்றியும் மட்டும் எழுதினேன். உங்கள் பதிலும் அண்ணன் கையெழுத்தில் வரும். உடம்பைப் பற்றி நாம் இருவரும் ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை.

இது உங்களுக்கு மட்டும்.

நீங்கள் கழுத்தில் மாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. யாரோ என்னை உங்கள் மடியில் வைக்க, நான் உங்கள் கூறைப்பட்டை நனைத்துவிட்டேனாம். "கல்யாணச் சேலைக்கு மொதத் தண்ணி தெளிச்ச நாத்தனாரு இவதான்" என்று என் தோழிகளிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவீர்கள். அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள். அதன்பின் அந்த மடியில் என்னைத் தவிர வேறு குழந்தை உட்காரவில்லை. கோயில், விரதம், மதுரையில் ஒரு சித்த வைத்தியர், திண்டுக்கல்லில் இன்னொருவர். பிறகு அந்தப் பேச்சு வீட்டில் நின்றது. உங்களுக்குள் நிற்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சோழவந்தானில் நம் வெற்றிலைக் கொடிக்கால்தான் உங்கள் இடம். அகத்தி மரங்களில் கொடி ஏறி, மேலே இலை மூடி, சித்திரையிலும் உள்ளே குளிரும். செருப்புப் போடாமல் நுழைய வேண்டும். வீட்டுக்கு விலக்கான பெண் நுழையக்கூடாது, நுழைந்தால் கொடி வாடும் என்பார்கள். மாதத்தில் அந்த நாட்களில் நீங்கள் படலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பீர்கள். நின்றபடியே உள்ளே வேலை நடத்துவீர்கள்.

"ஏ ராக்கு, அந்தக் கொடி சரிஞ்சு கெடக்கு பாரு, கட்டுடி."

வெற்றிலை பறிக்கும் ராக்கு உள்ளேயிருந்து கத்துவாள். "அங்கன நின்னுக்கிட்டே இம்புட்டு அதிகாரம். உள்ள வந்தா என்னைய உசுரோட விடுவீகளா?"

உங்கள் குரல் மட்டும் உள்ளே போகும். அதற்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது என்று பள்ளிப் பருவத்தில் நினைத்திருக்கிறேன்.

நான் எம்.ஏ. சேர்ந்த வருடம் உங்களுக்கு நின்றுவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது நீங்களே சொன்னீர்கள். புளி உடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"நின்னு போச்சுத்தா. இனிமே எந்நாளும் உள்ள போகலாம்."

சிரித்தீர்கள். பிறகு வெகுநேரம் கொட்டையை மட்டும் எடுத்தீர்கள். இரண்டையும் நான் பார்த்தேன்.

அதற்கடுத்து அந்தக் காந்தல். முதலில் பார்த்தது செல்லூரில், உறவுக்காரர் கல்யாணத்தில். பந்தியில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்தீர்கள். கழுத்திலிருந்து முகம் வரைக்கும் சிவப்பு ஏறியது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. கொல்லைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டீர்கள், பட்டுச்சேலையோடு.

"உள்ளுக்குள்ள யாரோ அடுப்பப் பத்தவச்சுட்டுப் போயிர்றாக. கொஞ்ச நேரத்துல அவகளே அணைச்சுர்றாக. அப்புறம் குளுருது."

ஒரு கிழவி பேய் என்றாள். இன்னொருத்தி பித்தம் என்றாள். அண்ணன் கம்பவுண்டரை வீட்டுக்கே அழைத்து வந்து சத்து ஊசி போட வைத்தார். நீங்களாக உளுந்தங்களி கிண்டினீர்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தீர்கள், மோர் மோராக ஊற்றிக்கொண்டீர்கள். தூக்கம் குறைந்தது. காரணமில்லாமல் அழுதீர்கள். ஒருநாள் அண்ணன் மீது சோற்றுத்தட்டை எறிந்துவிட்டு, நீங்களே பதறிப்போய்ப் பொறுக்கினீர்கள். முழங்கால் வலித்தது. யாரும் இவற்றையெல்லாம் ஒரே விஷயமாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கைமருந்து.

உங்கள் மருந்து வேறு. காந்தல் வரும்போது படலைத் தள்ளிக்கொண்டு கொடிக்காலுக்குள் போய்விடுவீர்கள். வாய்க்காலில் காலை வைத்து உட்காருவீர்கள். அது அடங்கும்வரை இலைகளை மேலே பார்த்துக்கொண்டு.

"இங்கன உக்காந்தா இது கிட்ட வரப் பயப்படுது" என்றீர்கள்.

அப்படியே ஒரு வருடமும் அதற்கு மேலும் போனது. எந்த நாளும் உங்களுக்கு உள்ளே போக உரிமை இருந்த காலம் அது மட்டும்தான்.

பொங்கலுக்கு வந்தேன். மதிய வெயில். நீங்கள் படலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். முகம் சிவந்து வியர்வை வழிந்தது. ஏழெட்டு அடி தள்ளி அந்தக் குளிர்ச்சி. நீங்கள் எழுந்து போகவில்லை.

ராக்கு கூடையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "ஒங்க மதினிக்கு வயசு திரும்புது. அண்ணேகிட்டச் சொல்லி ஒரு சங்கிலி செய்யச் சொல்லுங்க."

"போடி சிறுக்கி" என்றீர்கள். ஆனால் கோபமில்லை.

அவள் போனதும் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் நகங்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன.

"யாருகிட்டயும் சொல்லிறாத. ஆடியிலேயே திரும்பி வந்துருச்சு. மொதல்ல லேசாத்தான். இப்பப் பாதி மாசம் இங்கனதேன் உக்காந்துருக்கேன்."

"ஏன் மதினி யாருகிட்டயும் சொல்லல?"

மண்ணைக் கீறினீர்கள். நாற்பத்தைந்து தாண்டிய உங்கள் முகத்தில் ஒரு புதுப்பெண்ணின் வெட்கம்.

"போனது திரும்பி வருதுன்னா சும்மாவா வரும்? மேல இருக்கவன் குடுக்கணும்னு நெனச்சா யாரு தடுக்க முடியும்?"

மதினி, அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆடியிலிருந்து தை வரை. அண்ணன் தினமும் அந்த வழியாகத்தான் கூடைகளைக் கொண்டுபோனார். ராக்குவும் பார்த்தாள். தெருவே பார்த்தது. விலகி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வராமல் இருப்பதற்குத்தான் அந்த இடமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீங்களும் உங்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை. விதி தெரியும். விதிப்படி வெளியே உட்கார்ந்தீர்கள். ஒரு நோயை இவ்வளவு ஒழுங்காக அனுசரித்தவர் யாரும் இருக்க முடியாது.

மறுநாளே மதுரைக்குப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் அதட்டிப் பேசுகிறவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டார். காந்தல், தூக்கம், முழங்கால், அழுகை. நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையசைத்தார், தெரிந்த ஊருக்கு வழி சொல்லக் கேட்பதுபோல.

"இதெல்லாம் ஒன்னுதாம்மா. மாதவிடாய் நிக்கிற வயசுல, சூலகத்துல சுரக்கிறது கொறைஞ்சிடும். உடம்புக்குச் சூடு எது குளிர் எதுன்னு கொஞ்ச நாள் தடுமாறும். தூக்கம் கெடும், மனசு நெலையில்லாமப் போகும். எலும்பும் பலம் கொறையும். பால், கேப்பை, கீரை நல்லாச் சாப்பிடணும், நடக்கணும். ரொம்பத் தாங்க முடியாதவங்களுக்கு ஹார்மோன் மாத்திரை இருக்கு. எல்லாருக்கும் குடுக்க மாட்டோம்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அப்ப பேயி இல்லையாத்தா?"

டாக்டர் சிரித்தார். நானும். அந்த அறையில் நாம் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"எனக்கு அந்த மாத்திரை தருவீகளாம்மா?"

"இப்பக் கூடாது. மொதல்ல இந்த ரத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். நின்னு ஒரு வருசம் தாண்டிட்டா, அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே வந்து காட்டணும்மா. அது போனது திரும்பி வர்றது இல்ல."

என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பரிசோதித்தார். முடிந்து வந்த நீங்கள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு சொன்னீர்கள். "உள்ள காஞ்சுபோயி எரியுதுல்ல, அதுக்குக்கூடக் களிம்பு இருக்காம்த்தா. இம்புட்டு நாளும் ஒங்கண்ணன எதுக்கு வெரட்டுனேன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது." முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள். அத்தனை வருடங்களில் நீங்கள் என்னிடம் பேசிய மிக அந்தரங்கமான பேச்சு. மருந்துக்கடை வாசனைக்கு நடுவில்.

சதை எடுத்து அனுப்பிய சோதனையின் முடிவு வந்த அன்று அண்ணனும் உடன் வந்தார். கர்ப்பப்பையில் புற்று என்று டாக்டர் சொன்னார். மறைக்காமல், உங்களைப் பார்த்தே சொன்னார். அண்ணன் முடிவுச் சீட்டை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தார்.

நீங்கள் அழவில்லை. ஒன்று கேட்டீர்கள்.

"அப்ப இது தீட்டில்லையாம்மா?"

"தீட்டா? இல்லம்மா. இது நோய்."

"அப்பக் கொடிக்காலுக்குள்ள போகலாம்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். நீங்கள் கேட்க நினைத்தது வேறு கேள்வி. அதற்கான பதிலும் அந்த ஒரு 'இல்லம்மா'வில் வந்துவிட்டது. எஞ்சியதை மட்டும்தான் வாய்விட்டுக் கேட்டீர்கள்.

"தாராளமாப் போங்கம்மா" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் போனீர்கள். ராக்கு கூடையைப் போட்டுவிட்டு வாயில் கை வைத்தாள். "மதினி! என்ன காரியம் இது?"

"நோவுடி இது. தீட்டில்ல. டாக்டரம்மாகிட்ட எழுதி வாங்கியாரவா?"

படலை நீங்களே சாத்தினீர்கள். நான் வெளியே நின்றேன். முதலில் வாய்க்காலில் நீங்கள் கால் வைக்கும் சத்தம். பிறகு ஒரு விசும்பல். தண்ணீர்ச் சத்தம் போலத்தான் இருந்தது. அண்ணன் உள்ளே போகப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடக்காத ஒரு பிறப்புக்கான அழுகை அது. அதில் ஆண்களுக்கு இடமில்லை என்று ஏன் அப்போது தோன்றியது, தெரியவில்லை. அவருக்கும் அது போன குழந்தைதான்.

கொடி வாடவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குள் அது வேறு இடங்களுக்குப் போயிருந்தது. பிறகு, கரண்ட் வைத்தியம் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு. தோல் கருகியது. சாப்பாடு இறங்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் பெரும்பாலும் குணமாகிற வகைதான் என்று டாக்டர் தனியாகச் சொன்னார். அந்தச் சொல்லை நான் உங்களிடம் கொண்டுவரவில்லை. ஆவணியில் போய்விட்டீர்கள். போகும்வரை காந்தல் வந்தது. கடைசி வாரத்திலும் விசிறச் சொல்வீர்கள், கொஞ்ச நேரத்தில் போர்த்தச் சொல்வீர்கள். "இது பேயி இல்ல" என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்குவீர்கள். "இதுக்குப் பேரு இருக்கு. வைத்தியம் இருக்கு. போயிக் காட்டுங்கடி." அந்தப் பெண்கள் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எத்தனை பேர் போய்க் காட்டினார்கள் என்று தெரியாது.

நான் இங்கே ஆராய்ச்சி செய்கிறேன். வேறு எதையோ. நூலகத்தில் மருத்துவ அலமாரிப் பக்கம் நின்று படிப்பது வழக்கமாகிவிட்டது. படிக்கும்போது கோபம் வருகிறது. இவ்வளவும் அச்சில் இருந்திருக்கிறது. நம் சோழவந்தான் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

உங்களிடமிருந்து என்னோடு வந்திருப்பது ஒரு கேள்வி. நீங்கள் கொடுத்ததல்ல. உங்களிடம் யாரும் கேட்காமல் மிஞ்சிப்போனது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஐம்பதை நெருங்கிய எந்தப் பெண்ணோடு பழகினாலும் ஒருநாள் கேட்டுவிடுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. நூலகத்தில் பெருக்கும் அம்மாவிடம் கேட்டேன். என் தோழியின் தாயாரிடம் கேட்டேன், அந்தத் தோழி ஒரு வாரம் பேசவில்லை. நேற்று விடுதிச் சமையல்கார மரியம்மாவிடம்.

"நின்னதுக்கப்புறம் எப்பவாச்சும் பட்டுச்சாக்கா?"

கரண்டி நின்றது. "சேசுவே! கல்யாணம் ஆகாத புள்ள கேக்குற கேள்வியா இது? படிச்சுப் படிச்சுப் புத்தி பெசகிருச்சா?"

"பட்டுச்சா?"

"இல்ல. போ, ஒலை கொதிக்குது."

எல்லாரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள், மதினி. வீட்டில் அண்ணன் கேட்டிருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

உலை அடங்கும்வரை சமையற்கட்டு வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் கேட்டேன்.