மேனேஜர் என்றொரு லுங்கி

சார், இன்றைக்கும் போட் இல்லை. கரெண்டு வேலைக்கு வந்த ஒருவர் ஊர் திரும்ப முடியாமல் எங்கள் வீட்டில் ஈரப் பேண்ட்டோடு நிற்கிறார். கொடியிலிருந்து அந்த நீலக்கட்டம் போட்ட லுங்கியை எடுத்துவரச் சொன்னாள் அம்மா. கையில் எடுத்ததும் உங்கள் ஞாபகம்.

நீங்கள் போர்ட் பிளேரில் ஹோட்டல் மேனேஜர். அம்மா அங்கே துணி துவைப்பவள். அங்கேயே ஷாதிபூரில் சித்தி வீட்டில் தங்கி வேலை பார்த்து, லீவு நாளில் எங்களைப் பார்க்க எங்கள் தீவுக்கு, லாங் ஐலண்டுக்கு, போட்டில் வருவாள். கடல் கெட்டால் திரும்ப முடியாது. "போட் இல்ல சார், நான் பொய் சொல்லல சார்" என்று அவள் போனில் கெஞ்சுவது எனக்கு மனப்பாடம். நீங்கள் நம்பவில்லை. அடிக்கடி வேலைக்கு வராமல் போகிறவளை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று நோட்டீஸ் கொடுத்தீர்கள். அவளை நீக்கினால் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். வராததற்குத் தண்டனை, தண்டனைக்காக வராமை. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் தொழிற்சங்கத்துக்காரர், ஒருதடவை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார்.

வந்தீர்கள். தேய்த்த சட்டை, மாற்றுத்துணி கிடையாது, சாயங்காலமே திரும்புவதாக ஏற்பாடு. மத்தியானம் வானம் கறுத்தது. காற்றழுத்தம் கடலுக்கு, ரத்த அழுத்தம் உங்களுக்கு. அப்பா தன் லுங்கியைக் கொடுத்தார். நிற்காமல் அவிழ்கிறதென்று அதன்மேல் பெல்ட் போட்டுக்கொண்டீர்கள். மறுநாளும் போட் இல்லை. காலையில் வாசலில் நின்று நான் அட்டென்டன்ஸ் எடுத்தேன்: "மேனேஜர் சார், ஆப்சென்ட்." அம்மா என் தலையில் குட்டினாள்.

சிக்னல் கிடைக்கும் போட் ஜெட்டி முனைக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டீர்கள். அவர் என்ன சொன்னாரோ, உங்கள் குரல் இறங்கியது.

"போட் இல்ல சார். நான் பொய் சொல்லல சார்."

குடை பிடித்து நின்ற அம்மா கடலையே பார்த்தாள். எனக்குக்கூட அப்போது கிண்டல் வரவில்லை. போனை வைத்துவிட்டு, "எத்தனை வாட்டிம்மா இப்படிச் சொல்லியிருப்பீங்க?" என்றீர்கள்.

"சொல்லிச் சொல்லி எனக்கே பொய் மாதிரி ஆயிடுச்சு சார்."

திரும்பிப் போனதும் சங்கத்துக்காரரை உட்காரவைத்து நோட்டீஸை வாபஸ் வாங்கினீர்கள். போட் ஓடாத நாள் இனி ஆப்சென்ட் இல்லை, வார லீவில் வந்து ஈடுகட்டலாம். அம்மாவும் ஒன்றை ஒப்புக்கொண்டாள்: எல்லாப் பழியும் கடலுக்கில்லை, சில நாள் தனக்குக் காய்ச்சல். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றீர்களாம். "அப்ப நீங்க லுங்கி கட்டலையே சார்" என்றாளாம் அம்மா.

லுங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பினீர்கள். லுங்கிக்கு இஸ்திரி! அன்றைக்கே அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

பிறகு நீங்கள் மெயின்லேண்டு போனீர்கள். நெஞ்சுவலி என்ற செய்தியும் அதற்கடுத்த செய்தியும் ஒரே நாளில் வந்தன. அன்று போட் நன்றாகத்தான் ஓடியது. அம்மா வேலைக்குப் போகவில்லை.

இன்று காலை புது மேனேஜருக்கு அம்மா போன் போட்டாள். அவள் வாயைத் திறக்குமுன்பே, "போட் பந்த் ஹை நா? டீக் ஹை" என்று, போட் இல்லைதானே, சரி என்று ஹிந்தியில் சொல்லி வைத்துவிட்டார். உங்களை அவர் பார்த்ததுகூட இல்லை.

ஈரப் பேண்ட்காரரிடம் லுங்கியை நீட்டி, "இந்தாங்கண்ணா, மேனேஜர்" என்றேன். திருதிருவென விழித்தார். பெல்ட்டும் வேண்டுமா என்று கேட்டேன்.